மாமனார் தலை மேல் சத்தியமாக

மார்ச் 5, வியாழன்

இன்று மூன்று அறிவிப்பு. செருப்புக் கடைத் தள்ளுபடி. தொட்டி கழுவுவதால் நாளை குழாயில் தண்ணீர் வராது என்ற ஊராட்சி அலுவலகத்தின் செய்தி. காணாமல் போன ஒரு பசுமாடு. மாடு மத்தியானமே கிடைத்துவிட்டதாம். மாட்டுக்காரர் அதை எனக்குச் சொல்லவில்லை. நான் சாயங்காலம் வரை தெருத் தெருவாக மைக் வண்டியில் போய் 'நெற்றியில் வெள்ளைப் புள்ளி' என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டால், "உன் குரல் நல்லா இருந்துச்சு, அதான் நிறுத்தச் சொல்லல" என்கிறார். இந்த ஊரில் ஒருத்தனுக்கும் விவஸ்தை கிடையாது.

மாமனார் வண்டியில் கூட வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் கால் இன்னும் பெறவில்லை. நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? வீடு அவருடையது. நான் வீட்டோடு மாப்பிள்ளை.

மைக் சுவிட்ச் தளர்ந்திருக்கிறது. அணைத்தாலும் சில நேரம் அணைவதில்லை. மாற்ற வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம்.

மார்ச் 7, சனி

எழுதும் நிலையில் இல்லை. வண்டி போலீஸ் ஸ்டேஷனில். லைசென்ஸ் போலீஸ் ஸ்டேஷனில். மானம் எங்கே கிடக்கிறதோ, தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்ல? ஊருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வெள்ளிக்கிழமை என் சிநேகிதன், இரும்புக் கடைக்காரன், இரண்டாவது கடை திறந்தான். மைக் நம்முடையது. வேலை முடிந்ததும் பின் அறைக்குக் கூப்பிட்டான். இரண்டு கிளாஸ். மரியாதைக்காக. பொழுது சாயும் நேரம் வண்டியை எடுத்தேன். நாற்சந்தியில் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார்.

வண்டிக்கு மேலே நான்கு ஒலிபெருக்கி, நான்கு திசைக்கும். சுவிட்சை அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

குடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் சொன்னதை இன்று காலையில் பால்காரர், பேப்பர் போடுகிறவர், எதிர் வீட்டு டீச்சர் மூவரும் எனக்கே ஒப்பித்துக் காட்டினார்கள், என் குரலிலேயே.

"ஒரு சொட்டு கூட இல்ல சார். என் மாமனார் தலை மேல சத்தியமா."

"அப்போ இந்த வாசனை?"

"அது பினாயில் சார்."

இந்தப் 'பினாயில்' பள்ளிக்கூடச் சுவரில் மோதித் திரும்பி என் காதிலேயே விழுந்தபோதுதான் மைக் உயிரோடு இருப்பது தெரிந்தது. ஊரில் அந்த நேரத்தில் வேறு சத்தம் ஏது? வயலுக்கு அப்பால் இருக்கிற வீடுகளிலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். அவருக்கு எல்லாரையும் விடத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஸ்டேஷனில் ஒரு கருவியைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். மெதுவாக ஊதினால் ஏமாற்றலாம் என்று நினைத்தேன். மூன்று முறை ஊத வைத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் ஊசியைக் குத்திக்கொண்டே, மாமனார் சௌக்கியமா என்று விசாரித்தாள். திரும்பக் கூட்டிவந்து, சொந்த வீடு உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார்கள். எனக்குத் தெரிந்து சொந்த வீடு உள்ளவர் ஒரே ஒருவர்தான்.

வந்தார். வலது கையால் கையெழுத்துப் போட்டார். இடது கையைத் தலை மேலேயே வைத்திருந்தார்.

மார்ச் 9, திங்கள்

மனைவி இன்றுதான் வாயைத் திறந்தாள். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். உங்களுக்குன்னு ஒரு தலை இருக்கு. அதை விட்டா உங்கம்மா தலை இருக்கு. அதெல்லாம் விட்டுட்டு எங்கப்பா தலைதான் கெடச்சுதா?"

வாயில் வந்துவிட்டது என்றேன். வாயில் வருவதெல்லாம் மனசில் இருப்பதுதானே என்றாள். போனால் போகட்டும் என்று நினைக்கிற தலை மேல்தான் ஆள் பொய்ச் சத்தியம் பண்ணுவான் என்றாள். அய்யோ, அப்படி இல்லை. ஆனால் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஏன் அவர் தலை? குடித்தவனிடம் காரணம் கேட்டால் எங்கே போவான்?

இன்று முதல் புதுச் சட்டம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்முன் வாசலில் நின்று அவள் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். "ஊதுங்க" என்கிறாள். ஊதினேன். ஸ்டேஷன் கருவியாவது விளக்கு எரிந்து அணையும். இவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

வண்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் மட்டும், வழக்கு முடியும்வரை, அவர்களிடம்தான். வண்டி வீட்டு முன்னால் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை.

சைக்கிள் கேரியரில் பேட்டரியையும் ஒரு ஒலிபெருக்கியையும் கட்டிக்கொண்டு போனேன். மேட்டுத் தெருவில் ஏறும்போது மூச்சு வாங்கியது. 'பொதுமக்களின்... அப்பா... கவனத்திற்கு' என்றுதான் அறிவிப்பு போயிற்று. மாடியில் துணி காயப்போட்ட ஒரு பெண்மணி, "தண்ணி குடிச்சிட்டு சொல்லுப்பா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நல்ல மனுஷிதான். இருந்தாலும் எரிச்சலாக வந்தது.

மார்ச் 12, வியாழன்

வக்கீலைப் பார்த்தேன். நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "கேட்டேன்" என்றார். அவர் வீடு நாற்சந்திக்கு இரண்டு தெரு தள்ளி.

எத்தனை கிளாஸ் என்றார். மூன்று என்றேன். (மேலே இரண்டு என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது சின்ன கிளாஸ்.)

மார்ச் 14, சனி

மாமனார் படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தலையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். மின்விசிறிக்குக் கீழே படுப்பதில்லை, மரத்தடியில் நிற்பதில்லை, தலைக்குக் குளிப்பதில்லை. எதிலிருந்து என்ன விழுமோ என்கிறார். பொய்ச் சத்தியம் பலிக்காமல் போகாதாம்.

இது போதாதென்று ஊர் வேறு ஆரம்பித்துவிட்டது. காய்கறிக் கடைக்காரர் ஒரு கிழவியிடம், "காலையில பறிச்ச கத்திரிக்கா பாட்டி, மைக்குக்காரன் மாமனார் தலை மேல சத்தியம்" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கத்திரிக்காய் பறித்து நாலு நாளாவது இருக்கும். தையல்காரர் நாளைக்கு ரெடி என்று அதே தலை மேல் சத்தியம் பண்ணுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்குக் கூட அந்தத் தலையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என்னைப் பார்த்தால் "டேய், சத்தியம் வர்றாரு" என்கிறார்கள். பெயரே அதுவாகிவிட்டது.

எல்லாம் மாமனார் காதுக்குப் போகிறது. மத்தியானம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊரே என் தலையில கை வைக்குது. ஒரு தலை எவ்வளவும்மா தாங்கும்?"

முடி வெட்ட ஆள் வந்தார். துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இந்தத் தலையில் கத்தி வைக்க எனக்குத் தைரியம் இல்லை என்று பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். வெட்டவும் ஒன்றும் பெரிதாக இல்லை, காதோரம் நாலு முடிதான்.

மார்ச் 17, செவ்வாய்

நாளை தண்ணீர் வராது என்று சைக்கிளில் அறிவித்தேன். எந்தத் தெருவிலும் ஒரு குடம்கூட வெளியே வரவில்லை. "சத்தியமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

மார்ச் 18, புதன்

தண்ணீர் வரவில்லை. ஊரே என் வீட்டு வாசலில். முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னைத் திட்டுகிறார்கள். சொன்னேனே என்றால், நீ சொன்னா எவன்யா நம்புவான் என்கிறார்கள்.

சாயங்காலம் ஊராட்சி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அறிவிப்பு என்றால் ஜனங்கள் நம்ப வேண்டும், இல்லையென்றால் எதற்கு அறிவிப்பு என்றார். பக்கத்து ஊரில் ஒருவன் பதிவு செய்த பெண் குரலை வைத்து வண்டி ஓட்டுகிறானாம். அவனைக் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார்களாம். என்னிடம் வேறு என்ன சரக்கு இருக்கிறது? நான் சொன்னால் ஊர் கேட்கும் என்பது ஒன்றுதானே என் பிழைப்பு. அது போச்சு. வெளியிலும் போச்சு, வீட்டிலும் போச்சு.

மார்ச் 19, வியாழன்

மாமனாரை டாக்டரிடம் கூட்டிப் போனோம். நாடி, ரத்த அழுத்தம், எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு ஏன் படுத்திருக்கிறார் என்று கேட்டார் டாக்டர். மனைவி என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். இருமுவது போலத் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார்.

மார்ச் 23, திங்கள்

முதல் விசாரணை. காலையிலிருந்து நீதிமன்ற வராந்தாவில் பெஞ்சு. பக்கத்தில் டிராக்டர்காரர் ஒருவர், அவருக்கும் இதே வழக்குதான், மூன்றாவது தடவை. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பையன் சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல எனக்கு எல்லாம் விளக்கினார். முதல் தடவை பெயர் மட்டும் கூப்பிடுவார்கள், 'இருக்கேன்' என்று சொன்னால் போதும். அடுத்த தடவை வக்கீல் பேசுவார். ஒத்துக்கொண்டால் அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை, சனிக்கிழமை தோறும் குடியைப் பற்றி வகுப்பு. வகுப்பில் டீ கொடுப்பார்கள், டீ நன்றாக இருக்காது. என்னமோ பெண் பார்க்கப் போன கதை மாதிரி ரசித்துச் சொன்னார். அவர் மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது என்பதையும் அதே குரலில் சொன்னார். அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெயர் கூப்பிட்டார்கள். 'இருக்கேன்' என்றேன். ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான்.

மார்ச் 24, செவ்வாய்

ஊதினேன்.

ஏப்ரல் 6, திங்கள்

வக்கீல் துள்ளிக் குதிக்கிறார். ஸ்டேஷன் கருவியைப் பரிசோதிக்க வேண்டிய தேதி எப்போதோ தாண்டிவிட்டதாம். ரத்தம் எடுத்த குப்பியில் ஒட்டிய சீட்டு நனைந்து எழுத்து கலைந்து, யாருடைய ரத்தம் என்றே தெரியவில்லையாம். அவர்களிடம் மிச்சம் இருப்பது இன்ஸ்பெக்டர் மூக்கு மட்டும்தான் என்கிறார்.

"நீங்க கூண்டுல ஏறி 'குடிக்கல'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மைக்கில் சொன்னதை ஊரே கேட்டதே என்றேன். மைக்கிலும் குடிக்கவில்லை என்றுதானே சொன்னீர்கள், அது நமக்குச் சாதகம் என்றார்! அட, ஆமாம்! நடந்து வரும்போது கால் தரையில் பாவவில்லை. லைசென்ஸ் வந்துவிடும். ஊராட்சி வேலை நிற்கும். சைக்கிளை வீசிவிடலாம்.

வீட்டில் சொன்னேன். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "சொல்லுங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. எங்கப்பா உள்ளதான் படுத்திருக்கார், அவருக்கும் கேக்கட்டும்" என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

மாமனார் கூப்பிட்டார். அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு. கட்டில் அருகே ஸ்டூலைக் காட்டினார்.

"மாப்பிள்ளை, கேஸ் ஜெயிக்கிறதோ தோக்கிறதோ எனக்கு வேண்டாம். நீங்க போட்டதை நீங்கதான் எடுக்கணும். என் தலையில போட்ட சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கோங்க."

சரி மாமா, வாங்கிக்கொண்டேன் என்றேன். இங்கே இல்லை, போட்ட இடத்தில் என்றார். மைக்கில்!

அவருக்குக் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். குரலில் பயம் இருந்தது. எத்தனை மழையில், எத்தனை இருட்டில் பஸ் ஓட்டிய மனிதர்! எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

வக்கீலிடம் போனேன். மைக்கில் 'குடித்தேன்' என்று சொன்னால் வழக்கு அன்றைக்கே காலி என்று கத்தினார். பிறகு யோசித்து, ஒப்புக்கொள்ளாமலே திரும்பப் பெறும்படி அவரே ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார். பெரிய மூளைதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

சைக்கிளை நாற்சந்தியில் நிறுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன்:

"பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு. சென்ற மாதம் ஆறாம் தேதி மாலை இதே இடத்தில் எனது மாமனாரின் தலை தொடர்பாக வெளியான அறிவிப்பு, தவிர்க்க இயலாத காரணங்களால் திரும்பப் பெறப்படுகிறது. மேற்படி தலையை இனி எவரும் எந்த உபயோகத்துக்கும் எடுத்தாள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மூன்று முறை. வழக்கம்போல.

முதலில் மருந்துக் கடையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் தெருவே. பஸ் ஒன்று நின்றுவிட்டது, டிரைவரால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். நான் பேட்டரியைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மாமனார் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருக்கும் என்று பார்த்தேன். இல்லை. "தலையைத் திரும்ப வாங்கிட்டீங்க மாப்பிள்ளை. பொய்யை வாங்கலியே" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சே.

ஏப்ரல் 12, ஞாயிறு

நாளை கூண்டு. 'குடிக்கவில்லை.' ஒரே வார்த்தை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நல்ல குரல் எனக்கு. யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள்.

ஏப்ரல் 13, திங்கள்

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

மாமனார் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டோடு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். சேவகர் வந்து, நீதிமன்றத்துக்குள் தலையில் கட்டக் கூடாது, அவிழுங்கள் என்றார். இவர் மாட்டேன் என்றார். சேவகர் குரலை உயர்த்தினார். மனைவி காதில் ஏதோ சொன்னாள். மெதுவாக அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

என் முறை. கூண்டில் ஏறினேன். குமாஸ்தா சத்தியம் வாசித்தார். சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. நானும் திருப்பிச் சொன்னேன். யார் தலையாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, வெறும் சத்தியம்.

வக்கீல் எழுந்து, அன்று மாலை மது அருந்தினீர்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணைக் காட்டினார். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பின் பெஞ்சைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் நேரே அந்தத் தலையில் விழுந்துகொண்டிருந்தது. காதோரம் நாலு முடி, உச்சியில் ஒரு பழைய தழும்பு, மிச்சமெல்லாம் மொட்டை. வீட்டோடு இத்தனை வருடம் இருந்தும் அந்தத் தழும்பை நான் பார்த்ததே இல்லை. மனுஷன் அதைக் கையால் மறைக்கக்கூட இல்லை. குனிந்து உட்கார்ந்து, விழுவது விழட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சேன் ஐயா."

பழக்க தோஷம், குரல் பெரிதாக வந்துவிட்டது. வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு என்று நீதிபதி கேட்டார். நாலு கிளாஸ் என்றேன். போலீஸ் நிறுத்தியபோது பொய் சொன்னேன் என்றேன். அது பினாயில் இல்லை என்றும் சொன்னேன். அது அவர் கேட்காதது. வக்கீல் கேஸ் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

அபராதம். லைசென்ஸ் ஆறு மாதம் இல்லை. சனிக்கிழமை வகுப்பு. டிராக்டர்காரர் சொன்னது ஒன்றும் தப்பவில்லை.

வெளியே வக்கீல் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மாமனார் வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் போடச் சொல்லித் தலைக்குக் குளித்தார். குளியலறையில் ரொம்ப நேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 15, புதன்

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "வண்டிச் சாவி எங்க?"

எனக்குப் புரியவில்லை. தன் லைசென்ஸ் இன்னும் செல்லும் என்றார். அந்த சைக்கிளில் இன்னொரு தடவை மேட்டுத் தெரு ஏறினீர்கள் என்றால் என் பெண் விதவையாகிவிடுவாள் என்றார். ஆறு மாதத்துக்கு இவர்தான் டிரைவர். மனைவி தடுப்பாள் என்று பார்த்தேன். அவள் ஓடிப்போய் அவருடைய கண்ணாடியை எடுத்து வந்தாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இந்த மனிதரோடு மாரடிக்க முடியவில்லை. ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் வண்டியை நிறுத்துகிறார்! கேட்டால், கால் தானாகப் போகிறது என்கிறார். இன்று சந்தை நிறுத்தத்தில் நின்றதும் மூன்று பெண்கள் கூடைகளோடு பின்னால் ஏறிவிட்டார்கள். நான் முன்னால் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி வந்ததும் வண்டியைத் தட்டி, இறக்கிவிடச் சொன்னார்கள். இவர் இறக்கிவிட்டு, அடுத்த நிறுத்தம் எது என்று சத்தமாகச் சொன்னார். மைக் இன்னும் அணையவில்லை. ஊரே கேட்டது.

சாயங்காலமே புது சுவிட்ச் வாங்கி மாட்டினேன்.

மே 9, சனி

வகுப்பு. நடத்துவது அன்றைக்கு ரத்தம் எடுத்த அதே நர்ஸ். படம் போட்டுக் காட்டினாள்: கல்லீரல், மோதிய வண்டிகள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அதுவரை பின் வரிசையில் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவர்களும் செருப்புக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நாற்சந்திக்கு முன்னால் பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் வந்தேன். யார் குறுக்கே வந்தார்கள், வந்தார்களா, ஒன்றும் ஞாபகம் இல்லை. இத்தனை நாளும் மைக்கை நினைத்து மட்டும்தான் வெட்கப்பட்டிருக்கிறேன். அடப்பாவி.

டீ நன்றாக இல்லை.

மே 17, ஞாயிறு

மனைவி அந்தக் கேள்வியை மறுபடி கேட்டாள். இந்தத் தடவை கோபம் இல்லாமல், துணி மடித்துக்கொண்டே. ஏன் அப்பா தலை?

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டியதும், அய்யய்யோ, வீட்டில் எப்படிச் சொல்வேன் என்று நினைத்தேன். வீட்டில் என்றதும் வந்தது அவர் முகம்தான். உன் முகம்கூட வரவில்லை, என் அம்மா முகமும் வரவில்லை. யாருக்குப் பயந்தேனோ அவர் தலையையே பிடித்துவிட்டேன் என்றேன்.

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். சாயங்காலம் வாசலில் 'ஊதுங்க' மட்டும் தப்பவில்லை.

ஜூன் 3, புதன்

தண்ணீர் வராது என்று அறிவித்தோம். மேட்டுத் தெருவில் ஏழெட்டுக் குடம் வெளியே வந்தது. மற்ற தெருக்களில் இல்லை. ஊராட்சி மேலாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை. பார்ப்போம் என்கிறார்.

ஜூலை 4, சனி

வகுப்பு முடிந்ததும் இரும்புக் கடைக்காரன் வீட்டில் விசேஷம், மகளுக்கு வேலை கிடைத்ததற்கு. போகாவிட்டால் கோபித்துக்கொள்வான். போனேன், சாப்பிட்டேன். கிளாஸ் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். ஒரு தடவைக்கு மேல் வற்புறுத்தவில்லை, என் கதை அவர்களுக்குத் தெரியாததா? கிளம்புகிற நேரத்தில் அவன் மைத்துனன் தட்டு நிறைய கிளாசோடு வந்து என் மேலேயே மோதினான். கழுத்திலிருந்து கால்வரை நனைந்துவிட்டேன்.

நடந்து வந்தேன். வழியெல்லாம் நாய்கூட மோந்து பார்த்தது. யார் நம்புவார்கள்? எனக்கே என்னைப் பார்த்தால் நம்பிக்கை வராது. தட்டு, மைத்துனன், மோதல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லப் பினாயில் மாதிரியே இருந்தது.

வாசலில் மனைவி. நான் ஊத வேண்டிய அவசியமே இல்லை, நாலு அடி முன்னாலேயே அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே திரும்பி, "அப்பா" என்றாள். மாமனார் வந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சட்டையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"குடிச்சீங்களா மாப்பிள்ளை?"

நினைத்து வைத்த விவரம் எல்லாம் மறந்துபோயிற்று. "இல்ல மாமா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மேலே ஏதாவது கேட்பார், சத்தியம் பண்ணு என்பார், நண்பனுக்குப் போன் போடு என்பார் என்று நின்றேன்.

"சரி. சட்டையைக் கழட்டி ஊறப் போடுங்க, கறை பிடிச்சிடும்" என்றார். மகளைப் பார்த்து, "வழியை விடும்மா, மனுஷன் ஈரத்தோட நிக்கிறார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு விலகினாள். ஊதச் சொல்லவில்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் சட்டையில் வாசனை போகவில்லை. நாளைக்கு இன்னொரு தடவை துவைக்க வேண்டும்.